அவரவர் கம்பு

எங்கள் மிஸ்ஸிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டுமானால், அடிவாங்குவதற்கான கம்பை நாமே வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். நோட்டு இல்லாமல் போனால் மன்னிப்பார். பேனாவைப் பக்கத்து ஆளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கம்பு இல்லாதவனைப் படியேற விடமாட்டார். காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் கொட்டகைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் வகுப்பு. கதவோரம் ஒரு காலி பெயின்ட் டிரம் இருக்கும். எங்கள் பதினாலு பேருடைய கம்புகளும் அதில்தான் நிற்கும்.

நாங்கள் ஒன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. மீசை நரைக்கத் தொடங்கிய தடியர்கள். பாதிப் பேர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் துறைமுகத்திலும் யார்டிலும் கண்டெய்னர் கட்டுகிறவர்கள். வண்ணாரப்பேட்டையில் ரெடிமேட் துணி வியாபாரம் செய்யும் பாய் ஒருவரும் இருந்தார். நான் திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு ஒன்றில் பெட்டி நம்பர் குறித்துக்கொள்ளும் கிளார்க். மிஸ்ஸுக்கு அப்போது முப்பத்தைந்து இருந்தால் அதிகம். எங்களில் பலருக்குத் தங்கச்சி வயது. நைட் ஷிஃப்ட் முடித்த சிவந்த கண்ணோடு காலை ஏழு மணிக்குப் போய் உட்காருவோம். எட்டரைக்கு எழுந்து வருவதற்குள் ஆளுக்கு நாலு அடியாவது விழுந்திருக்கும்.

குள்ளமான உருவம். முந்தானையை இடுப்பில் செருகியிருப்பார். மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். அவருக்கு எழுதுகிற கை இடது, அடிக்கிற கை வலது. அதனால் போர்டில் எழுதிக்கொண்டே அடிக்க அவரால் முடிந்தது. வேறு எந்த வாத்தியாரிடமும் நான் அந்தத் திறமையைப் பார்த்ததில்லை.

நான் சேர்ந்த அன்று என் கம்பை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, ஒரு மார்க்கர் பேனாவை நீட்டினார்.

"இதுல உன் பேர எய்து. அது நவுன். அடிக்கிறது வெர்ப். அத்த நான் பாத்துக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் கொண்டுபோனது விரல் பருமன்கூட இல்லாத பிரம்பு. குச்சி சின்னதாக இருந்தால் அடியும் சின்னதாக இருக்கும் என்று நினைக்கிற புத்தி என்னுடையது. உலக்கை மாதிரி கட்டையைக் கொண்டுவந்த ட்ரெய்லர்காரர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்த காரணம் பத்து நிமிடத்தில் புரிந்தது. கனத்த கட்டையை ஓங்கி அடிக்க முடியாது, அது மொத்தோடு போய்விடும். பிரம்பு தோலைக் கிழிக்கும். மாற்றிக்கொள்ளட்டுமா என்று மறுவாரம் கேட்டேன். கொண்டுவந்தது நீதானே என்று சொல்லிவிட்டார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. அவனவன் கம்பால்தான் அவனவனை அடிப்பார். அடுத்தவன் கம்பைத் தொடமாட்டார், வெறுங்கையால் ஒருபோதும் அடிக்கமாட்டார். அதை நாங்கள் ஒரு நியாயமாகவே எடுத்துக்கொண்டோம். நாமே கொடுத்த கம்பு, நாமே கேட்டு வாங்குகிற அடி, இதில் யாரைக் குறை சொல்வது?

அவர் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில் ரோஜாப்பூவும் ஆப்பிளும் கிடையாது. எல்லா உதாரணத்திலும் ரத்தம் இருக்கும். முதல் நாள் ஏலக்கடை வாசலில் நடந்த கத்திக்குத்துதான் மறுநாள் பாடம். குத்தினவன் யார், குத்து வாங்கினவன் யார், எதால் குத்தினான், எங்கே, எப்போது, எப்படி என்று கேட்டுக் கேட்டே ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு என்ன வேலை என்று மண்டைக்குள் இறக்கிவிடுவார். அட்ஜெக்டிவ் என்றாலே அவருக்கு ஆகாது. அது சோம்பேறிப் பயல், வேலை செய்கிறவன் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டு பேர் வாங்குவான் என்பார். எங்களில் யாராவது கொட்டாவி விட்டால் அந்த ஆளுக்கு அன்று முழுக்க அட்ஜெக்டிவ் என்றுதான் பெயர்.

இறந்தகாலத்துக்கும் முந்தின இறந்தகாலம் ஒன்று இங்கிலீஷில் இருக்கிறதே, அது எங்களில் ஒருவருக்கும் ஏறவில்லை. இரண்டு நாள் அடித்துப் பார்த்தார். மூன்றாம் நாள் கம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"போலீஸு வந்துச்சு. அதுக்குள்ள குத்துனவன் ஓடிட்டான். ரெண்டுமே நேத்துதான். ஆனா எது மொதல்ல? ஓடுனது. அந்த ஓடுனதுக்குத்தான் 'ஹேட்' போடணும். இன்னா, இப்ப ஏறிச்சா?"

ஏறியது. இன்றுவரை இறங்கவில்லை.

அவருடைய கை வார்த்தைக்கு முன்னால் போகிற கை. ஒருநாள் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணை ஒருவன் சீண்டியிருக்கிறான். இவர் டிபன் பாக்ஸால் அவன் மூக்கில் ஒரே போடு. எலும்பு உடைந்த சத்தம் தனக்கே கேட்டது என்று பிறகு சொன்னார். புடவையில் அவன் ரத்தத்தோடு வகுப்புக்கு வந்து, நடந்ததைப் பத்து வாக்கியத்தில் இங்கிலீஷில் எழுதச் சொன்னார். நாங்கள் உற்சாகமாக எழுதினோம். அன்று அவரை எங்கள் சொந்தச் சகோதரி மாதிரி நினைத்துப் பெருமைப்பட்டோம். தப்பாக எழுதிய மூன்று பேர் அதே உற்சாகத்தோடு அடியும் வாங்கினார்கள்.

இந்தப் பெருமையில் முதல் ஓட்டை போட்டவர் பாய்தான். கீழே டீ குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னார். மிஸ் முன்பு ஒரு கான்வென்ட்டில் டீச்சராக இருந்தவராம். பாயின் சொந்தக்காரப் பிள்ளை அங்கே படித்ததாம். ஏழு வயதுக் குழந்தை ஒன்றைக் கன்னத்தில் அறைந்து, அதற்குக் காதில் ரத்தம் வந்து, பெரிய பேஜாராகி வேலை போனதாம். "அதுக்கப்புறம்தான் இந்தக் கம்பு சட்டம்லாம். அந்தம்மாவுக்கு அதோட கையப் பாத்தே பயம் நைனா" என்றார். ஆனாலும் மறுநாள் ஏழு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். அதற்கடுத்த வாரம் என் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மாமா என்பது என் அக்காவின் கணவர். காத்திவாக்கத்துக்காரர். கழிமுகத்தில் இறால் பிடித்துக்கொண்டிருந்தவர். தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து இறால் அற்றுப்போன பிறகு கண்டெய்னர் கட்டும் வேலைக்கு வந்தார். கப்பலில் ஐந்தடுக்குப் பெட்டிமேல் ஏறி நின்று இரும்புக் கம்பியைக் கொண்டிபோட்டு முறுக்குகிற வேலை. கூட வேலை செய்த ஒருவர் அவர் கண்ணெதிரில் மேலிருந்து விழுந்து செத்தார். கீழே சிதறிக் கிடந்ததை வாரி எடுத்தவர்களில் மாமாவும் ஒருவர். அதிலிருந்து அவருக்கு ஒரே யோசனை, எப்படியாவது தரையில் நின்று செய்கிற வேலைக்கு மாறிவிட வேண்டும். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் சிக்னல் காட்டுகிற வேலை இருக்கிறது, இங்கிலீஷ் பேசி எழுதத் தெரிந்தால் போதும் என்று ஏஜென்ட் ஒருவர் சொல்லியிருந்தார். அவருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். உயிரோடு இருந்து அவர்களைக் கரையேற்ற வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

மாமா அதிர்ந்து பேசமாட்டார். எட்டாவதுவரை படித்தவர், சொன்னதைச் செய்கிறவர். ஆனால் டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து அவரால் வீட்டுப்பாடம் எழுத முடியவில்லை. ஒருநாள் அவருடைய பத்து வாக்கியத்தை நானே எழுதிக்கொடுத்தேன். மிஸ் நோட்டைப் பார்த்தார். பெட்டி நம்பர் குறித்துக் குறித்துப் பழகிய என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா? யார் எழுதியது என்று மாமாவிடம் கேட்டார். மாமா என் பக்கம் திரும்பாமல், "நான்தான் மிஸ்" என்றார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. என் பிரம்புக்குப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டிரம் நாலடி தூரத்தில் இருந்தது. மிஸ் அதற்குப் போகவில்லை. வலது கை போய் மாமாவின் இடது காதில் இறங்கியது. கீழே ஐஸ் உடைக்கிற சத்தத்தையும் மீறி அந்த அறை விழுந்த சத்தம் கேட்டது. மாமா பெஞ்சோடு சரிந்தார். காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாகச் சட்டைக் காலருக்குள் இறங்கியது. மிஸ் தன் கையைப் பார்த்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவரேதான் மாமாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். காது ஜவ்வு கிழிந்திருக்கிறது, தானாக மூடிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரோ எண்ணெயோ உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார். மாமாவின் இன்டர்வியூவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. நேராகப் போய் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மிஸ் கிளம்பினார். மாமா ஆஸ்பத்திரி வாசலிலேயே அவர் காலில் விழுந்தார்.

"வாணாம் மிஸ். அவளுக்குத் தெர்ஞ்சா என்னப் போவவே வுட மாட்டா. அப்பறம் நான் மறுபடியும் அந்தப் பொட்டி மேலதான் ஏறணும்."

மிஸ் நின்றுவிட்டார். அந்த ஒரு தடவைதான் அவர் அடுத்தவர் பேச்சைக் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது.

அக்காவிடம், கழிமுகத்தில் குளித்தபோது தண்ணீர் காதில் போய்ச் சீழ் வைத்துவிட்டது என்று சொன்னோம். வார்த்தைகள் என்னுடையவை, மாமா தலையை மட்டும் ஆட்டினார். அக்கா நம்பினாள். நம்பினவள் சும்மா இருப்பாளா? நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தினமும் காலையில் மாமாவின் காதில் ஊற்றினாள். எங்கள் பக்கம் காதுவலி என்றால் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு அவள் மடியில் தலைசாய்த்துப் படுத்திருப்பார். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். ஒருநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே அதை நான் பார்த்தேன். "கண்ண மூடிக்கோ, கொஞ்சம் சுடும்" என்று குழந்தைக்குச் சொல்வது மாதிரி அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இன்னும் ரெண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாவது வாரம் காது அழுகத் தொடங்கியது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கே நாற்றம் தெரிந்தது. மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன். அன்று என் பிரம்பு என் முதுகில் உடைந்தது. உடைந்த பிறகும் மிச்சத் துண்டால் அடித்தார். அடித்துக்கொண்டே, காது கிழிந்திருக்கிறது, எண்ணெய் ஊற்றாதே என்று மட்டுமாவது இன்றைக்கே போய் உன் அக்காவிடம் சொல் என்றார். சொல்கிறேன் என்று அழுதுகொண்டே போனேன். அக்கா வீட்டு வாசல்வரை போனேன். அவள் சின்னவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். பேசாமல் திரும்பி வந்து, சொல்லிவிட்டேன் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். சீழ் வடிவது நின்று, அக்காவே எண்ணெயை நிறுத்தியபோது மாமாவுக்கு இடது பக்கம் உலகமே இல்லை.

இன்டர்வியூவுக்கு முன்னால் நடக்கும் மெடிக்கல் டெஸ்டில் காதைச் சோதிப்பார்கள் என்று முன்பே போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு காதை நாமே விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். டாக்டர் பின்னால் நின்று மெதுவாக ஓர் இங்கிலீஷ் வாக்கியம் சொல்வார், அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். விரலைச் சற்றே தளர்வாக வைத்தால் நல்ல காதில் பாதி விழும். மீதிப் பாதிக்கு மிஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்தவனுக்குப் பாதி போதும் என்றார். 'யெஸ்டர்டே' காதில் விழுந்தால் வெர்ப் இறந்தகாலத்தில்தான் இருந்தாக வேண்டும். 'தி' விழுந்தால் பின்னாலேயே ஒரு நவுன் வந்தே தீரும், வழியில் வேண்டுமானால் ஓர் அட்ஜெக்டிவ் குறுக்கே நிற்கும். 'டுமாரோ' விழுந்தால் 'வில்' எங்கோ பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டு வாரம் வேறு பாடமே நடக்கவில்லை. மிஸ் மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுப்பார். மாமா கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதிலிருந்து கேட்காததைக் கட்டி எழுப்புவார். தப்பினால் மாமாவுக்கு அடி கிடையாது. மிஸ் மாமாவின் கம்பை எடுத்துத் தன் வலது கையில் தானே அடித்துக்கொள்வார். நடுவிரல் நகம் கறுத்து விழுந்தது. மாமா பயந்துபோய் வெறியோடு படித்தார். கடைசி வாரம் ஒரு வாக்கியம்கூடத் தப்பவில்லை. நாங்கள் பதினாலு பேரில் இங்கிலீஷ் என்றால் என்னவென்று முழுதாகப் புரிந்துகொண்டவர் மாமா ஒருவர்தான்.

மெடிக்கலில் பாஸ். இன்டர்வியூவிலும் பாஸ். ஏர்போர்ட்டுக்கு மிஸ்ஸும் வந்திருந்தார். தள்ளியே நின்றார். அக்கா அவரை எட்ட இருந்து கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா இனிமேல் தரையில்தான் நிற்பார் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தரையில்தான் நின்றார். ஏழாவது மாதம், யார்டில் நின்று சிக்னல் காட்டிக்கொண்டிருந்தபோது, கண்டெய்னர் தூக்கும் வண்டி ஒன்று இடது பக்கமிருந்து ரிவர்ஸில் வந்தது. ஹாரன் அடித்தார்களாம். நாலைந்து பேர் கத்தினார்களாம். அவர் திரும்பவே இல்லை என்று அங்கிருந்து போன் செய்த ஆள் ஆச்சரியத்தோடு சொன்னான். அவ்வளவு பெரிய சக்கரம். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் உடலை அனுப்பினார்கள்.

நான் போய் வகுப்பில் சொன்னேன். மிஸ் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். இடது பக்கம் என்றேன். அவரவர் கம்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு அறையைப் பூட்டினார். வகுப்பு அதோடு முடிந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் மிஸ் காத்திவாக்கத்துக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். அக்கா எழுந்து பாயை விரித்தாள். "வா மிஸ்ஸு. போன் பண்ணா அது உன் பேச்சுதான் பேசிக்கினு இருக்கும். உன்னாலதான் அது நாலு பேர் மதிக்க நின்னுச்சு" என்று அழுதாள். மிஸ் பாயில் உட்காரவில்லை.

"அந்தக் காது தண்ணியால போவல. நான் அறைஞ்சேன். அதுலதான் கிய்ஞ்சுது. ஹாரன் கேக்காம அவரு செத்ததுக்கு நான்தான் காரணம். உன்னாண்ட சொல்லாம மறைச்சதும் நான்தான்."

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. முகம் வெளிறிப்போய் வேறொன்றைக் கேட்டாள்.

"கிய்ஞ்ச காதுலயா நான் தெனம் எண்ண ஊத்துனேன்?"

மிஸ்ஸுக்கு டாக்டர் சொன்னது தெரியும். அழுகின நாற்றம் தெரியும். அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று நான் சொன்னது பொய் என்பதும் அந்தக் கேள்வியிலேயே அவருக்குத் தெரிந்துபோயிருக்கும். ஒரு பொய்க்காக என் மாமாவின் காதைக் கிழித்தவர் அவர்.

"எண்ணெயால ஒண்ணும் ஆவல. அது வலிக்கு நல்லது. டாக்டரே சொன்னாரு. போனது என் கையாலதான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் அக்கா அவர்மேல் பாய்ந்தாள். மயிரைப் பிடித்துச் சுவரில் மோதினாள். கன்னத்திலும் வாயிலும் மாறி மாறி அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. கீழே தள்ளி மிதித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்து இழுத்தும் அவளை விலக்க முடியவில்லை. பிள்ளைகள் இரண்டும் அலறின. நான் மிஸ்ஸின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது தானாகப் போகிற கை. அதை அவர் முதுகுக்குப் பின்னால் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி அடிவரை விடவில்லை.

அடித்து ஓய்ந்து அக்கா தரையில் உட்கார்ந்தாள். மூச்சிரைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீதான்டா எங்களுக்கு இனிமேல் என்றாள். மிஸ் சுவரைப் பிடித்து எழுந்து, அவிழ்ந்த தலைமுடியைக் கட்டிக்கொண்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு தடவையாவது என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் பார்க்கவில்லை.